கூட்ஸ் போகிற வரைக்கும்

என் தம்பி குடியை விட்டதால்தான் செத்துப்போனான் என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழகிப்போன உடம்பாம், திடீரென்று நிறுத்தினால் தாங்காதாம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இடம்பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். முதலில் ஒவ்வொருவரோடும் சண்டை போட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மறைப்பானேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் நடந்ததை ஒரு முறை ஒழுங்காக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

விழுப்புரத்தில் ரயில்வே கேட் பக்கம் அவனுக்கு ஒரு சின்னக் கடை. எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற வேலை. கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். வெயில் காலத்தில் ஆட்கள் பைக்கில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வந்து, "ஜல்தியா குடுண்ணா, மல்லாட்டை காயுது" என்று, வேர்க்கடலைச் செடி வாடுகிற கவலையில் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மோட்டார் ஓடி பைப்பில் தண்ணீர் கொட்டிவிட்டால் அவர்களுக்குச் சந்தோஷம் தாங்காது. கூலியைக் கொடுத்துவிட்டு அதற்கு மேல் ஒரு குவார்ட்டரும் வாங்கிக் கொடுப்பார்கள். மரியாதைக்குத்தான். அந்த மரியாதை இருபது வருஷம் நடந்தது. கடைசியில், காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கம்பியைப் பிடிக்கிற கை நடுங்காமல் நிற்கும் என்று ஆகிவிட்டது.

விட முயற்சி செய்யாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் குடிக்கிறவர்களைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டுவார்கள். இத்தனை மாதம் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு பூசாரி கையில் கயிற்றைக் கட்டுவார். மீறினால் சாமி சும்மா விடாது. என் தம்பி பல முறை கட்டிக்கொண்டவன். கட்டுவதற்கு முந்தின நாள், இனிமேல் கிடைக்காதே என்று மூக்கு முட்டக் குடிப்பான். கெடு முடிந்த அன்றைக்கு, இத்தனை நாள் கிடைக்கவில்லையே என்று குடிப்பான். நடுவில் இருக்கிற நாளெல்லாம் காலண்டரைப் பார்த்துக்கொண்டு எல்லோர் மேலும் எரிந்து விழுவான். "அண்ணி, கயிறு கட்டிக்கினா இவரோட பெரிய பேஜாரா இருக்குது. குடிச்சாலாவது தூங்கிடறாரு" என்று அவன் மனைவி ஒரு தடவை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் கடையிலேயே ரத்த வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன், குடியை விடுகிறவர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கிற ஒரு பெண்ணிடம் எங்களை உட்காரவைத்தார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். அறிவுரை சொல்வாள், நானும் சேர்ந்து நாலு சொல்லலாம் என்று தயாராகப் போயிருந்தேன். அவளோ ஒரு டப்பாவைத் திறந்து எங்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கு ஒரு மல்லாட்டைப் பருப்பை வைத்தாள். பாருங்கள், தடவுங்கள், மோந்து பாருங்கள், வாயில் போட்டு உடனே கடிக்காமல் நாக்கில் வைத்திருங்கள், அப்புறம் மெதுவாக மெல்லுங்கள் என்றாள். தம்பி என் காதருகே குனிந்து, "மூட்டை மூட்டையா மல்லாட்டை வெளையற ஊர்ல ஒத்தப் பருப்பக் குடுத்து ஊற வைக்கிறாங்க பாரு" என்றான். ரத்த வாந்தி எடுத்து வந்தவன் அன்றைக்குத்தான் முதலில் வாயைத் திறந்து கிண்டலாக ஏதோ பேசினான்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சார், குடிக்கணும்னு தோணுறப்ப அத வெரட்டாதீங்க. வெரட்டுனா இன்னும் ஜோரா வரும். அதுக்குப் பின்னாடியும் போவாதீங்க. ஒடம்புல எந்த எடத்துல இருக்குது, சூடா இருக்குதா, எப்படி ஏறுது, எப்படி எறங்குதுன்னு பாத்துக்கினே இருங்க. எவ்ளோ ஆசையா இருந்தாலும் தானா எறங்கிடும். எறங்குற வரைக்கும் யாராச்சும் கூட இருந்தா நல்லது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "மேடம், நீங்களும் எதையாவது ஒண்ண விடுங்க. அப்பதான் இவர் என்னா படறாருன்னு ஒங்களுக்குப் புரியும்" என்றாள். எனக்குச் சர்க்கரை உண்டு. மைசூர்பாகு என்றால் உயிரும் உண்டு. தம்பி உடனே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான்.

ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது அவன் கடைக்குப் பக்கத்து கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு சொன்னது இதுதாங்கா" என்றான். "கூட்ஸ் வர்றப்ப நாம என்னா பண்றோம்? தள்ளி நிறுத்தவா முடியும்? கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறோம். அது பாட்டுக்குப் போவுது. நான் இத்தினி வருஷமா தண்டவாளத்துல போய் நின்னுக்கினு இருந்தேன்." இருபது வருஷமாக அந்த கேட்டைத் தினமும் பார்க்கிறவன். அவனுக்கு அது அன்றைக்குத்தான் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் போன் பேச்சே மாறிவிட்டது. திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போன் வரும்.

"அக்கா, கூட்ஸ் வருது."

"எங்கடா இருக்குது?"

"தொண்டைக்குக் கீழ. வறண்டுபோய் இருக்குது. நாக்குக்கு அடியில எச்சி ஊறுது."

"கை?"

"நடுங்குது. கம்பிய கீழ வெச்சிட்டேன்."

"மூச்சு?"

"மேல மேல வருது. நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்குதுக்கா."

"பாத்துக்கினே இரு. நான் லைன்லதான் இருக்கேன்."

கொஞ்ச நேரம் அவன் மூச்சு மட்டும் கேட்கும். நான் ஆதார் அட்டையை முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பேன். "இன்ஜின் தாண்டிடுச்சு. பொட்டி போய்க்கினு இருக்குது" என்பான். பிறகு இன்னும் கொஞ்ச நேரம். "கார்டு பொட்டியும் போயிடுச்சுக்கா." வேலையைப் பார் என்று சொல்லி வைத்துவிடுவேன். ஒரு தடவை, காத்திருந்த ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டாக்டருங்களா?" என்று கேட்டாள். எனக்கும் நெஞ்சு அடைக்குது, அப்படியே சொல்லுங்க என்றும் கேட்டாள்.

என் மைசூர்பாகுக்கும் இதே விசாரணை நடந்தது. பஸ் ஸ்டாண்டு பேக்கரியைத் தாண்டும்போது போன் போட்டால் அவனுக்கு ஒரே குஷி. "உண்மையச் சொல்லு, எங்க இருக்குது? நாக்குலயா, கண்ணுலயா?" என்பான். கண்ணில்தான் இருக்கிறது என்பேன். "அப்போ கண்ணால தின்னுட்டு வீட்டுக்குப் போ" என்பான். எங்களுக்குள் இப்படிப் பேசிக்கொள்ள வேறு எந்தக் காலத்திலும் நேரம் இருந்ததில்லை. சின்ன வயதில் அடித்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் பிறகு விசேஷங்களில் பார்த்துக்கொண்டோம். அவன் குடித்த வருஷங்களில் பேசவே இல்லை. ஐம்பதைத் தொட்ட பிறகுதான் நாங்கள் அக்கா தம்பி ஆனோம்.

நடுவில் ஒரு தடவை சறுக்கினான். மாரியம்மன் கோயில் கூழ் ஊற்றிய அன்று கூட்டாளிகள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் முழுக்கப் போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவனே கூப்பிட்டான். "தண்டவாளத்துல நின்னுட்டேங்கா" என்றான். எனக்குத் திட்ட வந்தது. நல்ல நல்ல திட்டுகளாக வரிசையில் வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, இது எனக்கு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். காதில் இருந்தது, சூடாக. அது இறங்குகிற வரைக்கும் நின்றேன். பிறகு, "சரி, இப்ப இந்தப் பக்கம் வந்துட்டியா?" என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் அவன் தொடவில்லை.

இரண்டு தீபாவளி வந்து போயின. கை நடுக்கம் நின்றது. ஒல்லிக் கம்பியையும் கண்ணாடி போட்டுக்கொண்டு அழகாகச் சுற்றினான். மோட்டார் ஓடிய சந்தோஷத்தில் யாராவது பாட்டிலை நீட்டினால், "மல்லாட்டை இருந்தா ஒரு படி குடுத்துட்டுப் போ" என்பான். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை கிடக்கும். கூட்ஸ் வரும்போது ஒன்றை எடுத்து உரித்து, தோலைத் தேய்த்து, மெதுவாக மெல்லுவான். சட்டை துவைக்கிறபோது ஓடு ஓடாகக் கொட்டுகிறது என்று அவன் மனைவி புலம்புவாள். அந்தப் புலம்பலில் இருந்த நிம்மதியை நான் அவளிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்புறம் வயிறு வீங்க ஆரம்பித்தது. கல்லீரல் எப்போதோ போய்விட்டது என்றார் டாக்டர். "ஆனால் ஒண்ணு சொல்றேம்மா, அவர் குடிய விட்டதாலதான் இவ்ளோ நாள் கெடைச்சது. இல்லன்னா ரத்த வாந்தி எடுத்த வருஷமே முடிஞ்சிருக்கும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். யார் காதிலும் ஏறவில்லை.

வயிற்றில் நீர் கோத்துக்கொண்டதால் அவனுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு அவர் மகள் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். என் தம்பியின் கண் அந்தச் சொம்போடு போய் சொம்போடு திரும்பி வரும். பார்க்க எனக்குத் தாங்காது. ஊரில் இருக்கிற மோட்டாருக்கெல்லாம் காயில் கட்டிக் கொடுத்தவன், அவன் புண்ணியத்தில் எத்தனை கொல்லையில் தண்ணீர் பாய்ந்தது. அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை.

"எங்கடா இருக்குது?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒடம்பு பூராவும்க்கா."

"பாத்துக்கினே இரு. போயிடும்."

"இது கூட்ஸ் இல்லக்கா. போவவே மாட்டேங்குது. கேட்டு தொறக்கவே மாட்டேங்குது."

துணியை நனைத்து உதட்டில் ஒற்றினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "சில்லுனு இருக்குது. ஒதட்டுல. இப்போ பல்லுல. இப்போ உள்ள எறங்குது" என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு, "நின்னுடுச்சு" என்றான். அந்த இரண்டு சொட்டுத் தண்ணீரை அவன் குடித்த மாதிரி நான் என் வாழ்நாளில் எதையும் குடித்ததில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

அவனை எடுத்துப் போட்டுவிட்டு சில நாள் கழித்துத் திண்டிவனம் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பேக்கரிக்குப் போய் மைசூர்பாகு வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றேன். எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்து யாரிடம் சொல்ல? காகிதத்தில் நெய் மட்டும் மிஞ்சுகிற வரைக்கும் தின்றேன். ருசி கூடத் தெரியவில்லை.

காரியத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்களில் படையல் போடுவார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் தலைவாழை இலையில் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவோம். அவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டித் திறப்போம். யாராவது ஒருவர் இலையை உற்றுப் பார்த்து, சோற்றில் விரல் பட்டிருக்கிறது, டம்ளரில் குறைந்திருக்கிறது என்பார்கள். அதைக் கேட்டு வீடே ஒரு பாட்டம் அழும். பிறகு எல்லோரும் சாப்பிட உட்காருவோம்.

அன்றைக்கு அவன் மனைவி கறிக்குழம்பும் அதிரசமும் வைத்தாள். ஒரு கை மல்லாட்டை வைத்தாள். நான் பெரிய பித்தளைச் சொம்பில் விளிம்பு தளும்பத் தண்ணீர் பிடித்துவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். அது ஒன்றுதான் நான் செய்தது. அப்போது எங்கள் சித்தப்பா வந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர். இடுப்பிலிருந்து குவார்ட்டர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, ஒரு டம்ளர் நிறைய ஊற்றி இலையின் முன் வைத்தார்.

"என்னா சித்தப்பா பண்றீங்க? அவன் விட்டுட்டான்" என்றேன்.

"தெரியும்மா. வாயக் கட்டிக்கினு கெடந்தான் கொழந்த. ஆவி ஏங்கிப்போய் நிக்கும். இப்பவாவது குடிக்கட்டும்."

"எடுங்க அத."

"வெச்சத எடுக்கக் கூடாதும்மா." அவர் கண்ணில் தண்ணீர். அவருக்கு அவன்மேல் பாசம். அதனால்தான் எனக்கு அவரை அறையவும் முடியவில்லை. சுற்றி நின்ற எல்லோரும் வைத்ததை எடுக்காதே, எடுக்காதே என்றார்கள். கற்பூரம் காட்டி முடித்து என்னையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டார்கள்.

சாத்திய கதவைப் பார்த்தபடி நின்றேன். அவன் வருவான் என்பதில் எனக்கு நம்பிக்கை உண்டா என்றால், சொல்லத் தெரியவில்லை. ஆனால் வந்தால்? வந்தால் அந்த அறையில் அவனும் அந்த டம்ளரும் மட்டும்தான் இருக்கும். கூப்பிட போன் இல்லை. கேட்க ஆள் இல்லை. இரண்டு வருஷம் ஒரு நாள் கூட அவனைத் தனியாக விடாமல் பிடித்துக்கொண்டிருந்தோம், இப்போது நாங்களே ஊற்றி வைத்துக் கதவையும் சாத்திவிட்டோம். கதவில் வாயை வைத்துக் கேட்டேன்.

"எங்கடா இருக்குது? தொண்டையிலயா?"

கதவில் காதை வைத்துப் பார்த்தேன்.

"கை நடுங்குதா? பாத்துக்கினே இரு. இன்ஜின் போயிடும். அக்கா இங்கதான் நிக்கறேன். எங்கயும் போவலை."

அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவன் மனைவி வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளும் கதவில் கையை வைத்துக்கொண்டு, "மல்லாட்டை வெச்சிருக்கேங்க. அத எடுத்துக்கோங்க" என்றாள். "தண்ணி வெச்சிருக்கேன்டா. இப்ப யாரும் அளக்க மாட்டாங்க. வயிறு நெறைய குடி" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம், ஒரு கூட்ஸ் போகிற நேரம்.

சித்தப்பாதான் கதவைத் தட்டித் திறந்தார். நான் எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய்க் குனிந்து அந்த டம்ளரைப் பார்த்தேன். ஊற்றினது ஊற்றினபடி நிறைய இருந்தது.

"பாருங்க! எல்லாரும் வந்து பாருங்க. என் தம்பி தொடலை!" என்று கத்தினேன். செத்தவர் வந்து சாப்பிடுகிறார் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? எத்தனையோ நாளாக நான் போட்ட சண்டையில் அன்றைக்குத்தான் ஜெயித்தேன். அந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் சொம்பு கண்ணில் பட்டது.

அதுவும் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

நான் உட்கார்ந்துவிட்டேன். டம்ளர் கையிலிருந்து சாய்ந்து பிராந்தி புடவையெல்லாம் கொட்டியது. சித்தப்பா என் கையிலிருந்து டம்ளரை வாங்கித் தூர வைத்தார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து அந்தச் சொம்பை உற்றுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி கொறஞ்சிருக்குதும்மா" என்றார். "நல்லா குடிச்சிருக்கான்."

ஆமாம் சித்தப்பா என்றேன்.